மரியகுழந்தை இறங்கிய இடம்

மழை விட்டு, தகரக் கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்த ஓர் அக்டோபர் சாயங்காலம். சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த சைலஸின் இடது கால் தானாகவே தரையை அழுத்தியது. கிளட்ச்சை மிதிக்கிற அழுத்தம். கால் அழுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் காதுக்கு எட்டியது. பாறை மேட்டுப் பக்கம் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

சைலஸ் முப்பத்திரண்டு வருஷம் போலீஸ் வண்டி ஓட்டியவர். ஒவ்வொரு இன்ஜினின் இருமலும் அவருக்குத் தெரியும். ஸ்டேஷனில் இருந்த இரண்டு பழைய ஜீப்புகளையும் ஏல மைதானத்துக்குக் கடைசியாக ஓட்டிப்போய் விட்டவரும் அவர்தான். அவற்றை வெட்டித் துண்டு போடும்வரை நின்று பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பியிருக்கிறார். இருந்தாலும் இப்போது கேட்டது அந்த இரண்டில் ஒன்றான நீல ஜீப்தான். கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு பட்டென்று நின்றது. எந்த விளக்கு வெளிச்சமும் ரோட்டுக்கு வரவில்லை.

மகள் ரெபேக்கா பெங்களூர் வேலை முடிந்து எட்டு மணி ரயிலில் வந்து இறங்கியதும் அவளிடம் சொன்னார். தண்ணி டிராக்டராக இருக்கும் டாடி என்று சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டாரா என்று அட்டையை எண்ணிப் பார்த்தாள்.  சத்தம் ரோட்டிலிருந்து வரவில்லை, மேட்டுக்குள்ளே இருந்து வந்தது என்பதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்த மேட்டைக் குடைந்து ஒரு காலத்தில் ரோடு போனது. தங்கச் சுரங்க ஊரின் இரண்டு பகுதிகளான ஸ்கெலட்டனையும் மைசூர் மைன்ஸையும் சேர்க்கிற சுரங்கச் சாலை. அரை மைல் இருக்கும். உள்ளே பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒன்றுதான். கரும்பாறைச் சுவரில் எந்நேரமும் நீர் கசியும், ஈரக் கல்லின் வாசமும் வௌவால் எச்சத்தின் நெடியும் பெட்ரோல் புகையோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், ஜீப்பின் சத்தம் முன்னால் ஓடிப் பாறையில் முட்டித் திரும்பி வருகையில் எதிரே இன்னொரு ஜீப் வருகிற மாதிரியே இருக்கும். சுவரில் இருந்த பழைய பொந்துகளில் தங்கக் கல்லைத் திருடிப் பதுக்குகிறார்கள் என்று மணிக்கு ஒரு தரம் ரோந்து போகச் சொல்லியிருந்தார்கள். சைலஸ் ஸ்டியரிங்கில். பக்கத்தில் டார்ச்சோடு கான்ஸ்டபிள் மரியகுழந்தை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே ஷிஃப்ட். மரியகுழந்தைக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்கூட ஆகவில்லை. போகும்போதும் வரும்போதும் பெண்டாட்டி ஐடாவைப் பற்றித்தான் பேச்சு. அவள் மீன் குழம்பில் மாங்காய் போடுவதைக்கூட சைலஸ் கேட்டாக வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலமும் ஜீப் உறுமியது. மூன்றாம் நாள் மழை இல்லை, காற்றும் இல்லை. அன்றைக்குத்தான் சைலஸ் அதை முழுசாகக் கேட்டார். ரோந்து வண்டி அப்படி ஓடாது. ரோந்து வண்டி இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும். இது முதல் கியரிலேயே அலறியது. கியர் மாற்றக்கூட நேரமில்லாதவன் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து ஓட்டிக்கொண்டு போகிற அலறல்.

அந்த ஜீப்பை அப்படி ஒரே ஒருவன்தான் ஓட்டியிருக்கிறான். ஒரே ஒரு தடவை.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு சாயங்காலம். நடுச் சுரங்கத்தில் ஒரு பொந்துக்குள் சத்தம் கேட்கிறது என்று மரியகுழந்தை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். இன்ஜினை அணைக்காதே, இதோ வந்துட்டேன் என்றான். டார்ச் வெளிச்சம் பொந்துக்குள் போய் மறைந்தது. அப்போது பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஊரில் பாத்திரம் உருளும், சுவர் விரியும், எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால் சுரங்கத்துக்குள் இருந்து அதைக் கேட்டவர்கள் குறைவு. மேலிருந்து கல் உதிர்ந்தது. சைலஸ் வண்டியை எடுத்தார். பின்னால் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது சுரங்க வாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வந்துகொண்டிருந்தது.

உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று அதிகாரிகள் கேட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயமா, கோழை என்று சொல்வார்கள் என்ற வெட்கமா, இன்றுவரை சைலஸுக்கே தெரியாது. யாரும் இல்லை, மரியகுழந்தையை முன்னாடியே மைசூர் மைன்ஸ் பக்கம் இறக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆளே இல்லாத இடத்தை யார் தோண்டுவார்கள்? இரண்டு வாயையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். திருட்டுக் கும்பலோடு சேர்ந்து ஆள் ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேரோடு ஐடா மைசூர் மைன்ஸில் அதே வீட்டில் இருந்தாள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தால் சைலஸ் வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

நாலாம் நாள் மத்தியானம் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு மைசூர் மைன்ஸுக்கு நடந்தார்.

ஐடாவுக்கு அறுபத்திரண்டு வயசு. வாதத்தில் விரல்கள் கோணிப் போயிருந்தன. வாங்கண்ணா என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை எடுத்ததை. கூப்பிட்ட குரலை. பொய்யை. சொல்லி முடித்தபோது அடுப்பில் டீ பொங்கி வழிந்து, கருகிய பால் வாசம் வந்தது. அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"மூணு நாளு தட்டினாருண்ணா," என்றாள், திரும்பாமலே. "கல்லுமேல காத வெச்சு நான் கேட்டேன். உள்ள ஆளு கீறாருன்னு எல்லார் கால்லயும் விழுந்தேன். உங்களக் கூப்ட்டுக் கேட்டாங்க. பாறை எறங்குற சத்தம்னு சொன்னீங்க."

சைலஸால் அவள் முதுகைப் பார்க்க முடியவில்லை.

"எனக்குப் பைத்தியம்னு நெனச்சிக்கினே இத்தினி வருசம் இருந்துட்டேன்," என்றாள். அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வாங்க, போலாம்."

அவர் அவள் பின்னால் நடந்தார்.

ஐடா வேகமாக நடக்க மாட்டாள். மேட்டை அவர்கள் அடைந்தபோது வெயில் இறங்கி, முள்செடிகளின் நிழல் நீண்டு மண்ணோடு கலந்துகொண்டிருந்தது. சுரங்க வாயை அடைத்த செங்கல் சுவரில் பாசி படர்ந்திருந்தது. அதன் அடியில் யாரோ குப்பை கொட்டியிருந்தார்கள். ஈரக் கல்லின் வாசம். அதோடு, மெல்ல, பெட்ரோல். சைலஸ் ஓர் அடி பின்வாங்கினார். இங்கே ஒன்றும் இல்லை, இருட்டுமுன் போய்விடலாம் தங்கச்சி என்றார். அவள் சுவரில் காதை வைத்தாள்.

உள்ளே ஜீப் உறுமியது.

முதல் கியர். அலறல். செங்கல் இடுக்குகளில் மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாக ஓடி, ஐடாவின் நெற்றியைத் தாண்டி, மறைந்தது. யாரோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சைலஸின் பேர். ஜீப் நிற்கவில்லை. சத்தம் தேய்ந்தது. தேய்ந்து இல்லாமலே போனது.

அமைதி.

பிறகு தட்டல்.

கல்லால் கல்லைத் தட்டுகிற சத்தம். மூன்று. இடைவெளி. மூன்று. அவசரமே இல்லாமல். வெளியே ஆள் இருக்கிறார்கள், எப்படியும் வருவார்கள் என்று நம்புகிறவன் தட்டுகிற தட்டு. சைலஸின் உடம்பு ஓடத் தயாரானது.  அவர் ஒரு கையால் முள்செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முள் ஏறியது. விடவில்லை.

"நான் வந்துட்டேங்க," என்றாள் ஐடா, சுவரைப் பார்த்து.

தட்டல் நின்றது.

அவள் நெஞ்சு உயரத்தில் ஒரு செங்கல் அசைந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளிருந்து யாரோ இழுக்க, செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் சாய்ந்து, இருட்டுக்குள் போனது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது.

வெள்ளைப் புழுதி அப்பிய கை. விரல் மூட்டுகளில் தோல் கிழிந்து, ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. சுருக்கமில்லாத கை. இருபத்தெட்டு வயசுக் கை.

ஐடா தன் கையை அதில் வைத்தாள். அது இறுகப் பிடித்துக்கொண்டது. அவள் முகத்தில் வந்த ஒளியை சைலஸ் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தக் கை தடவ ஆரம்பித்தது. அவள் கோணல் விரல்களை, ஒவ்வொன்றாக. புடைத்த மூட்டுகளை. தொங்கின தோலை. மணிக்கட்டு வரை வந்தது. நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தடவியது, இருட்டில் தவறான வீட்டுக் கதவைத் தொட்டுவிட்டவன் மாதிரி.

"நான்தாங்க," என்றாள் ஐடா. "ஐடாங்க."

அது அவள் கையை விட்டது. முரட்டுத்தனமாக இல்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவியின் கையை மரியாதையாக ஒதுக்குகிற மாதிரி, விரல் விரலாக வெளியே எடுத்து விட்டது.

"மரியா, நான் சைலஸ்," என்றார் அவர்.  "நான்தான்டா." முள் கிழித்த கையை ஓட்டைக்கு நேராக நீட்டினார். அந்தக் கை அதையும் தொட்டது. உள்ளங்கையில் ஒரு கணம். ஒரு கிழவனின் கை. விலகியது.

ஐடா ஓட்டையில் முகத்தை வைத்து, எட்டு மாசம் வாழ்ந்த வீட்டில் அவள் அவனைக் கூப்பிட்ட ஏதோ ஒரு செல்லப் பேரைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். கிழக்குரலில்.

உள்ளே இருட்டில் செங்கல் உரசியது. அந்தக் கை அதைத் தூக்கி, ஐடாவின் கன்னத்தை மெல்ல நகர்த்திவிட்டு, ஓட்டையில் பொருத்தி, உள்பக்கமிருந்து இழுத்து அடைத்தது. விளிம்பில் நான்கு விரல் நுனிகள் கடைசியாகத் தெரிந்தன. பிறகு அவையும் உள்ளே போயின.