கரைப்பக்கம் திரும்பிய தடங்கள்

"கடல் எந்தப் பக்கம்னு குட்டி ஆமைக்கு யாருப்பா சொல்றாங்க?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது, ஆமைப் பாதுகாப்பு அலுவலர் சிரித்தார். "இருட்டுல கடல்தாம்மா பளபளக்கும். அதைப் பார்த்துப் போயிடும்."

இன்று காலை அவர் துப்பறிவாளரின் வாசலில் வந்து நின்றார்.

"தொண்ணூத்தாறு குட்டி, சார். ஒண்ணுகூடக் கடலுக்குப் போகல. எல்லாம் சாலையில நசுங்கிக் கிடக்கு. காவல்கார அம்மா குடிசையில விளக்கை எரிய விட்டிருக்கணும். இல்லவே இல்லங்கறாங்க. பத்து வருஷமா இருக்கறவங்க. வேலையை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டுடலாம்னு வந்தேன்."

துப்பறிவாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். கூடவே வந்த மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "குடிசை விளக்குதான் மாமா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இரும்மா. குட்டிங்களையும் ஒரு வார்த்தை விசாரிச்சுடுவோம்."

மணலில் பொடிப்பொடியாய்த் தடங்கள். குடிசை வாசலை ஒட்டியே போயிருந்தும் ஒன்றுகூட உள்ளே திரும்பவில்லை. எல்லாம் சாலையோர அறிவிப்புப் பலகையின் காலடியில் போய்க் குழம்பிக் கிடந்தன.

"இது எப்ப வச்சது?"

"நேத்து மத்தியானம், சார். 'ஆமைகள் வரும் இடம், விளக்கு ஏற்றாதீர்'னு நான்தான் எழுதச் சொன்னேன்."

"மேல இருக்கிற தகடு?"

"பலகை எழுதினவர் இனாமா மாட்டிவிட்டார். மழைக்கு மறைப்புன்னு நினைச்சேன்."

துப்பறிவாளர் தோள் துண்டை எடுத்துத் தகட்டை மூடினார். அந்த வெயிலிலும் தகட்டுக்கு அடியிலிருந்து பலகை எழுத்துகள் மேல் வெள்ளை ஒளி விழுந்தது.

"பகல்ல வெயிலைக் குடிச்சுக்கும். இருட்டினா தானா எரியும். குட்டிங்க கடலைத்தான் தேடிச்சு. உங்க பலகை அதைவிடப் பளிச்சுன்னு இருந்திருக்கு."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே செய்தது என்பது நெஞ்சுக்குள் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

காவல்காரி ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். "ராத்திரி நான் வடக்குக் கோடியில, முட்டை போட வந்த ஆமைகிட்ட இருந்துட்டேன் ஐயா. இங்க இருந்திருந்தா அணைச்சிருப்பேன். குடிங்க, வெயில் ஏறுது."

சாயங்காலம் அவள் வேலைக்கு வருமுன் அலுவலர் தனியாக வந்து பலகை விளக்கைக் கழற்றினார். அடுத்த கூட்டின் முட்டைகள் பொரியும் நாள் அது. கூட்டுக்கும் கடலுக்கும் நடுவே மனிதக் காலடிக் குழிகள். குட்டி விழுந்தால் ஏற முடியாத ஆழம். தினமும் குனிந்து அவற்றை மூடுவது அவள் வேலை. அவர் மண்டியிட்டார். உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நிரவிக்கொண்டே அலை தொடும் இடம்வரை போனார். பிறகு ஈர மணலோரமாகவே நடந்து, அவள் வரும் வழியை விட்டு விலகிப் போய்விட்டார்.