இரண்டாவது சொல்

வீட்டில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் சுற்றுலா போன ஊரில், கண்ணாடிப் பட்டறைக்குள் கால் வைத்ததும் வாயாடிக்குப் பேச்சே வரவில்லை.

உலையின் வாய் தகதகவென்று எரிந்தது. ஆஜானுபாகுவான ஒருவர் நீண்ட இரும்புக் குழாயை அதற்குள் விட்டு, தேன்போல் ஒழுகும் நெருப்புக் கட்டியைச் சுருட்டி எடுத்தார். மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். கட்டி மெல்ல மெல்ல உப்பியது.

"அம்மாடி! இதுவா கண்ணாடி?" என்று கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இனிமேதான் ஆகப்போகுது" என்றார் ஊர் சுற்றிக் காட்ட வந்த அக்கா. அவருக்குத் தமிழும் தெரியும், அந்த ஊர்ப் பேச்சும் தெரியும். காலையில் அவரிடம் அந்தப் பேச்சில் 'வணக்கம்' சொல்லக் கற்றுக்கொண்ட அப்பா, பூட்டிய கடைக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, எல்லாரும் 'சோமி லா, சோமி லா'ன்னு கத்துறாங்களே, அது என்ன?"

"'உங்க பின்னாடி நான் இருக்கேன்'னு அர்த்தம். நெருப்பைக் கையில வச்சிருக்கிறவங்க திரும்பிப் பார்க்க முடியாதில்ல? அதைக் கேட்டா அப்படியே நின்னுடுவாங்க."

வாயாடி அதை வாய்க்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் பார்த்தால், தம்பியைக் காணோம்!

அவன் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, தரையில் கிடந்த நீலக் கண்ணாடி உருண்டையை எடுக்கக் குனிந்திருந்தான். குழாயைச் சுழற்றியபடியே அந்தப் பெரிய மனிதர் பின்பக்கமாக அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டே அடி.

"சோமி லா!"

பட்டறையே அதிரக் கத்தினாள் வாயாடி. அவர் சிலையாக நின்றுவிட்டார். தலையைக்கூடத் திருப்பவில்லை. அப்பா ஒரே பாய்ச்சலில் தம்பியை வாரி எடுத்து வந்தார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அந்தப் பெரிய மனிதர் அசையவே இல்லை. குழாயின் நுனியில் கண்ணாடி தொய்ய ஆரம்பித்தது.

"ஏன் இன்னும் நிக்கிறார்? தம்பிதான் வந்துட்டானே!"

"ஐயையோ, மீதியை நான் சொல்லித் தரலையே!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "'விலகிட்டேன்'னு சொல்லணும். 'சோமி தே'. முதல்ல கூப்பிட்டவங்களேதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் நகரமாட்டார். உன் குரலுக்குத்தான் காத்திருக்கார்."

வாயாடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய மனிதர், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவள் சொல்லை நம்பி நிற்கிறார்!

"சோமி... தே!"

குழாய் சுழன்றது. தொய்ந்த கண்ணாடி உலைக்குப் போய், மறுபடி உருண்டு திரண்டு, கழுத்து கொஞ்சம் சாய்ந்த கூஜாவாக வந்தது. அதைப் பத்திரமாக வைத்த பிறகுதான் அவர் திரும்பினார். பெரியவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பின்னாடி நின்னது யாருன்னு கேக்குறார்" என்றார் அக்கா.

அப்பா வாய் திறப்பதற்குள் வாயாடி முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான்!" என்றாள், தமிழிலேயே.

அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தக் குரலை அந்தப் பெரிய மனிதருக்கு ஏற்கெனவே தெரியும்.