வெட்டாமல் விட்ட பிசிறு

"ஐயையோ... என்னங்க பண்றீங்க!"

குரல் கேட்டு வேல்விழி திடுக்கிட்டாள். அப்போதுதான் தன் கையையே பார்த்தாள். விரலிடுக்கில் நூல் வெட்டும் டிரிம்மர். காலடியில் சிவப்பும் பச்சையுமாய் நூல் துண்டுகள்...

எதிரே சுவரில் பாதி நெய்த பவானி ஜமுக்காளம். நெய்யாமல் விட்ட நீளவாக்குப் பாவு நூல்கள் சற்று முன்வரை முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. புது டீ-ஷர்ட் மாதிரி ஓரம் மொழுக்கென்று இருந்தது.

பனியன் கம்பெனியில் அவளுக்குத் தைத்த துணியைப் பார்த்து 'பாஸ்', 'ரிஜக்ட்' சொல்லும் செக்கிங் வேலை. நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிற கை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நேராக இந்த மியூசியத்துக்கு வந்திருந்தாள். கண் விளக்கப் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது!

"பிசிறுன்னு நெனச்சுட்டேன்..."

"பிசிறா? பாவுங்க அது! தறியில எப்படி நின்னுச்சோ அப்படியே காட்டோணும்னு பவானியெல்லாம் அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன். மியூசியத்துல எதையும் தொடக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லித் தரலீங்களா?"

ஸ்கூல்... அந்த ஒரு சொல்!

வேல்விழி நிமிர்ந்தாள். பெரிய கண்கள். ததும்பின, ஆனால் சிந்தவில்லை.

"இல்ல. அதைச் சொல்லித் தர்றதுக்குள்ள நின்னுட்டேன்."

வெளியே மழை. அவள் நனைந்துகொண்டே போய்விட்டாள்.

திட்டியவன் ரித்தீஷ். அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் பழைய பருத்திக் குடோனைப் பெருமாநல்லூரில் மியூசியமாக்கியவன். கலப்பையும் கிணற்றில் நீர் இறைத்த கவலைச்சாலும் அவனோடு சண்டைக்கு வந்ததில்லை. இந்தக் கண்கள் மட்டும் ஏன் இப்படி...

தரை கூட்டும் நல்லம்மாள் விளக்குமாறோடு வந்து நின்றாள்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ளையவா வஞ்சுபோட்டே? நாயித்துக்கெழம தவறாம வரும். ஒவ்வொரு பலகையா நின்னு வாய்விட்டுப் படிக்கும். ஒம்பதாவதோட நின்னுபோச்சாம். 'இங்க வந்தா பள்ளிக்கூடத்துல இருக்கற மாதிரி இருக்கு அக்கா'ன்னு சொல்லும்."

ரித்தீஷுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்... குடோன் முழுக்கப் பலகைகள் இருந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் நல்லம்மாளிடம் கம்பெனி பெயரைக் கேட்டுக்கொண்டு போய், தூறலில் கேட் முன்னால் நின்றான்.

"ஏய் வேலு... நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாகளே, யாருடி இது?" வேலை விட்டுக் கூட வந்த தோழி ஆஷா இடித்தாள்.

"மியூசியத்துக்காரவுக." வேல்விழி அவனைப் பார்க்கவே இல்லை. "எதுக்கு வந்தீக? ஜமுக்காளத்துக்கு நஷ்டம் கேக்கவா?"

"இல்லீங்க. மன்னிப்புக் கேக்க. அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க."

"படிச்சவுக சொன்னா சரியாத்தான இருக்கும்."

"ஏனுங்க... திட்டோணும்னா நல்லா திட்டிக்குங்க. ஆனா வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. ஒரே ஒரு பலகை புதுசா எழுதியிருக்கேன். நீங்க படிக்காம அது பலகை ஆகாதுங்க."

அவள் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தாள். கோழி இன்னும் நனைந்துகொண்டுதான் இருந்தது...

போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஞாயிறு மதியம் கால் கேட்கவில்லை.

மொழுக்கென்று வெட்டிய அதே ஜமுக்காளம். அதே சுவர். பக்கத்தில் புதுப் பலகை. பழக்கப்படி மெல்ல வாய்விட்டுப் படித்தாள்.

"பாதி நெய்த பவானி ஜமுக்காளம். நெய்தவர் பெயர் தெரியவில்லை. ஓரம் வெட்டியவர்... வேல்விழி, செக்கிங், திருப்பூர்."

தன் பெயரை இன்னொரு முறை படித்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் பெயரை யாரும் இத்தனை பெரிதாக எழுதியதில்லை.

"என்ன இது... ஊரே பாத்துச் சிரிக்கவா?"

"கைவேலை மியூசியம்தானுங்க இது?" தூணுக்குப் பின்னாலிருந்து ரித்தீஷ் வந்தான். "ஓரத்துல ஒரு நூல்கூட ஏறல, எறங்கல. இதும் கைவேலைதானுங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மறைக்கத் தலைகுனிந்தவள் கண்ணில் அது பட்டது. அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானிலிருந்து நீளமாய் ஒரு நூல்... கை தானாக டிரிம்மரைத் தேடியது.

"வெட்டீராதீங்க!"

"ஏன்? இதும் பாவா?"

"இல்லீங்க, பிசிறுதான். நீங்க வந்தா உங்க கை சும்மா இருக்காது, பக்கத்துல வருவீங்கன்னு... நானே பிரிச்சுவிட்டேன்." அவன் காது மடல் சிவந்தது. "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க. ரிஜக்ட் பண்ணீருவீங்களா?"

தகரக் கூரையில் மழை சடசடத்தது. வேல்விழி டிரிம்மரைப் பைக்குள் போட்டாள். அந்த நூலைப் பிடித்து விரலில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"பாஸ்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.