முதல் வரி கீழே பார்த்தது

கணவனின் ஈசிஜி தாளில் முதல் வரி தலைகீழாக இருந்தது. மேலே எழும்ப வேண்டிய முனைகள் ஒன்றுவிடாமல் கீழே இறங்கி, ஆணியில் மாட்டிய சட்டைகள்போல வரிசையாகத் தொங்கின.

அவளுக்கு உடனே பயம் வரவில்லை. காலையிலிருந்து நின்ற உடம்பில் அதற்குக்கூடத் தெம்பில்லை. இதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவளை இந்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். கற்றுக்கொடுக்கிற டெக்னீஷியனைத் தாளக்காரர் என்பார்கள். துடிப்பைப் பார்த்தால் மேசையில் விரலால் தட்டாமல் இருக்கமாட்டார். முதலில் வேகம் பார், அப்புறம் சீர், சின்ன அலை, இடைவெளி, பெரிய முனை, கடைசி மேடு. நடுவில் எது மிரட்டினாலும் வரிசையை விட்டு அங்கே ஓடாதே என்பது அவர் பாடம்.

அவர் சாப்பிடப் போயிருந்தார். பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன், அவள் பழகுவதற்காகச் சட்டையைக் கழற்றிப் படுத்திருந்தான்.

"வீட்ல படுத்தா சோம்பேறிங்கற. இங்க நீயே படுன்னு கெஞ்சுற."

"பேசாதீங்க, கோடு ஆடும்."

கம்பிகளைப் பார்த்தாள். சிவப்பு வலது கையில், மஞ்சள் இடது கையில். கத்துக்குட்டிகள் இரண்டையும் மாற்றி மாட்டுவார்கள், முதல் வரி கவிழ்ந்துகொள்ளும். அவள் மாற்றவில்லை. நெஞ்சு வரிகளுக்குப் போனாள். நடுவிலிருந்து இடப்பக்கம் போகப் போக முனை வளர வேண்டும். இவனுக்குத் தேய்ந்துகொண்டே போய்க் கடைசியில் எறும்பு ஊர்ந்த தடமாகிவிட்டது.

இதயம் வலப்பக்கம் அமைந்து பிறந்தவர்கள் உண்டு என்று தாளக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆறு வருடமாக இந்த நெஞ்சின் இடப்பக்கத்தில் காதை வைத்துத் தூங்குகிறவள் அவள்.

குனிந்து அங்கே காதை வைத்தாள். பசையின் ஈர வாசனை, ஸ்பிரிட் வாசனை, தலைக்கு மேலே டியூப் லைட்டின் ரீங்காரம், வெளியே எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டபடி வந்து இந்தக் கதவுக்கு நேரே நின்றுபோன ஓசை. இவ்வளவும் எட்டின, துடிப்பு மட்டும் எட்டவில்லை. காதை வலப்பக்கம் நகர்த்தினாள். அங்கே நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, பட்டப்பகல்லயே கொஞ்சறியா?" என்றான். அவன் குரல்தான். சிரிப்பும் அவனுடையதுதான்.

தாளக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். விரல் மேசையில் தட்டியது.

"நல்லா எடுத்திருக்க. முதல் வரி அழகா கீழ இறங்குது பாரு."

"அண்ணே, அது மேல போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? என் பேரக் கெடுக்காத தாயி."

சுவரில் மாதிரிப் படம் இருந்தது. நேற்று அதைப் பார்த்துத்தான் வரைந்து பழகினாள். இன்று அதில் முதல் வரி கீழே பார்த்தது.

"களைச்சுப் போயிருக்கா மாப்ள. நீ எறங்கு. இவளுக்கும் ஒண்ணு எடுத்துருவோம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். படுக்கையில் அவன் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. கம்பிகள் மட்டும் சில்லென்று ஒட்டின. விரல் நுனிகள் மரத்தன. பிறகு கை. பிறகு நாக்கு.

தாள் வந்தது. தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"முதல் வரி நிமிர்ந்து நிக்குது" என்றார்.

சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன.

கணவன் குனிந்தான். காதை அவள் வலப்பக்கம் வைத்தான். வெகு நேரம் வைத்திருந்தான்.

"அண்ணே, இங்க ஒண்ணுமே கேக்கலையே."

தாளக்காரர் ஸ்டெதஸ்கோப்பை அதே இடத்தில் அழுத்தினார். அந்தப் பக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை.

"ஆனா கோடு ஓடுதேண்ணே."

"ஓடும் மாப்ள. நெஞ்சு நின்னாலும் கரண்ட்டு கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். தாளை நம்பக்கூடாது, ஆளைத்தான் பாக்கணும்."

"இப்பதானே பேசிட்டிருந்தா."

"அப்படித்தான் போவாங்க."

மெஷினை அணைத்தார். கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கால்மாட்டிலிருந்து வெள்ளைத் துணி மேலே வந்தது. முழங்கால். வயிறு. கழுத்து. கண்.

மெல்லிய துணி. இரண்டு நிழல்கள் தெரிந்தன.

இடப்பக்கம் ஓங்கி ஓங்கி அடித்தது. அடிக்கு ஒரு தரம் துணி எழும்பித் தாழ்ந்தது. நிழல்கள் இரண்டும் குனிந்து, துணி எழும்புகிற அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. அது நிற்கட்டும் என்று காத்திருப்பவர்களைப்போல.