மூன்றாவது சிப்

மின்சாரமே கொடுக்காத பலகையில் ஒரு சிப் மட்டும் சூடாக இருந்தது.

அவன் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். இருபத்தைந்து வருடமாக இதுதான் அவன் பிழைப்பு. செத்த டிவி, செத்த ரேடியோ, எது வந்தாலும் முதலில் எடுப்பது மீட்டர் இல்லை, விரல். பவர் போட்டு ஒரு நிமிடம் விட்டு ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுக்கொண்டே போனால், கெட்டுப்போனது தானே சுட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதற்குப் பவர் வேண்டும். இந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஒயர் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தது. விளக்குகூடப் போடவில்லை. மத்தியானத்திலிருந்து விடாத மழை. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை.

எட்டு மெமரி சிப்புகள் ஒரே வரிசையில். அதில் மூன்றாவது மட்டும். சுடுகிற சூடு இல்லை. தூங்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் இருக்குமே, அந்த அளவு.

"பவர் இல்லாம உனக்கென்னடா சூடு" என்றான். மெஷின்களோடு பேசுவது அவன் வழக்கம்தான். இந்த முறை ஏன் பேசினோம் என்று இருந்தது.

மனைவி குடையோடு அறைவாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சாயந்திர டூட்டி.

"மாத்திரை கொடுத்திருக்கேன். காய்ச்சல் இன்னும் முழுசா விடல. இந்தாங்க இன்ஹேலர், நீங்களே வச்சுக்கங்க. அவ கையில இருந்தா விளையாட்டுக்கு அமுக்கியே தீர்த்துடுறா."

நீல நிற இன்ஹேலரை மேசைமேல், ஈயக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இழுப்பு வந்தா அவளால கத்த முடியாது. சுவத்தைத் தட்டச் சொல்லியிருக்கேன். அத்தை இந்த வீட்ல அப்படித்தானே பழக்கி வச்சிருந்தாங்க?"

"தெரியும்."

"தெரியும்னுதான் சொல்வீங்க. ஒரு டப்பாவைப் பிரிச்சுட்டீங்கன்னா இடி விழுந்தாலும் உங்களுக்குக் கேக்காது."

"சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கேன். போ, பஸ் போயிடப் போகுது."

அவள் போய்க் கதவு சாத்தியதும் பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. எட்டு வயது. சளியடைத்த குரல்.

"அப்பா, அதுக்கு உயிர் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. நீ தூங்கு, எலிக்குட்டி."

"உன்னால முடியலன்னா சொல்லுப்பா. கடையில கொடுத்துப் பாக்கலாம்."

"கடையே நான்தான்டி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

போன மாதம் அம்மா இறந்த பிறகு அவள் அறைப் பரணைக் காலி செய்தபோதுதான் இந்த மெஷின் கிடைத்தது. டிவியில் சொருகி ஓட்டுகிற அந்தக் காலத்து கம்ப்யூட்டர், கூடவே ஒரு கேசட் ரெக்கார்டர். இரண்டையும் அம்மா அண்ணனின் பள்ளிக்கூடச் சட்டையில் சுற்றி வைத்திருந்தாள். தூக்கிப்போடவுமில்லை, வெளியே எடுக்கவுமில்லை. "பெரியப்பா மெஷினா? ஓட்டிக் காட்டுப்பா" என்று மகள் மூன்று நாளாக நச்சரித்தாள்.

அண்ணன் இறந்த அன்றைக்குத்தான் இதுவும் செத்தது. அண்ணனுக்குப் பதினொன்று. இவனுக்கு ஒன்பது. அண்ணன் அடுத்த அறையில் இழுப்போடு படுத்திருந்தான். அம்மா மருந்தை இவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் இவன் பதறி எழ, மேசை ஆடி, திரை கறுத்தது. அதற்கப்புறம் அது எழவே இல்லை.

தூங்கிட்டேன்மா என்று சொன்னான். ஒன்பது வயதுப் பையன் தூங்கிவிட்டான். அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? அம்மா கேட்கவில்லை. மனைவியிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தான்.

அவன் தூங்கவில்லை. பத்திரிகையில் வந்த ஒரு புழு விளையாட்டைப் பார்த்துப் பார்த்து நான்கு மணி நேரம் எழுத்தெழுத்தாக அடித்திருந்தான். பவர் போனால் அத்தனையும் அழிந்துவிடும். கேசட்டில் பதிய வேண்டும், அதற்குப் பத்து நிமிடம். ஒயரெல்லாம் தொளதொளவென்று இருக்கும், நாற்காலி அசைந்தால்கூடப் போச்சு. அந்தப் பத்து நிமிடத்தில்தான் சுவர் தட்டப்பட்டது.

பவர் கொடுக்கும் பெட்டியில் வீங்கிக் கிடந்த இரண்டு கெபாசிட்டர்களைக் கழற்றிப் புதிது போட்டான். மீட்டர் ஐந்து வோல்ட் காட்டியது. டிவியோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டான். திரை கறுப்பு. எதிர்பார்த்ததுதான். வரிசையாகச் சிப்புகளைத் தொட்டுக்கொண்டே வந்து மூன்றாவதில் விரல் வைத்ததும் திரை வெளுத்தது. வெள்ளைத் திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் விட்டு விட்டு மின்னியது.

விரலை எடுத்தான். கறுப்பு.

சிப்பின் கால்களில் ஈயம் விட்டிருக்க வேண்டும். பற்றவைப்புக் கோலைச் சூடாக்கிப் பதினாறு கால்களுக்கும் புதிதாக ஈயம் வைத்தான். பயனில்லை. அழிரப்பரை வைத்து அழுத்தினான், அதன்மேல் இடுக்கியை வைத்தான். கறுப்பு. விரல் வைத்தால் மட்டும் உயிர் வந்தது. அழுத்தக்கூட வேண்டாம். தொட்டாலே போதும். ஆள் தெரிந்து எழுந்திருப்பதுபோல.

அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

ரெக்கார்டருக்குள் அன்றைய கேசட் அப்படியே இருந்தது. அதன்மேல் அவனுடைய கோணல் எழுத்தில் 'புழு'. ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட்டை மட்டும் மாற்றி, ஒயர் நீளம் போதாததால் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். வலது கை விரல் மூன்றாவது சிப்பில். இடது கையால் கட்டளையை அடித்தான். கேசட்டை ஓடவிட்டான்.

புழு மட்டும் வந்துவிட்டால் போதும். இத்தனை வருடமும் அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சமாதானம் அதுதான்: அந்தப் பத்து நிமிடம் வீணாகப் போகவில்லை, விளையாட்டு கேசட்டில் ஏறிவிட்டது.

திரை காத்திருந்தது. கட்டம் மின்னியது. எதுவும் வரவில்லை.

பதிந்த விளையாட்டு காதுக்குக் கீச்சென்று ஒரே இரைச்சலாகக் கேட்கும். அது இருக்கிறதா என்று கேட்க, ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கினான். ஸ்பீக்கர் பேசத் தொடங்கியது.

கீச்சொலி இல்லை. மழை. டேப்பிலும் மழை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவனுக்கு உடனே புரிந்தது. ஒயர் சரியாகச் சொருகாவிட்டால் இந்த ரெக்கார்டர் தன் சொந்த மைக்கில் அறையின் சத்தத்தைப் பதிந்துகொள்ளும். ஒன்பது வயதில் அது தெரியாது.

டொக். டொக். டொக்.

சிறிது இடைவெளி. மறுபடி மூன்று.

"டேய்..." சுவருக்கு அப்பாலிருந்து, காற்றே இல்லாத குரல். "டேய்... மருந்து..."

பிறகு மிக அருகில், தெளிவாக, சலிப்போடு ஒரு சிறுவன்: "இருடா. இன்னும் கொஞ்சம்தான்."

இடது கையால் அடித்து நிறுத்தினான். விரலுக்கடியில் சிப்பின் சூடு கூடியிருந்ததுபோல் பட்டது. வெளியே நன்றாக இருட்டிவிட்டது; அறையில் டிவியின் வெளிச்சம் மட்டும் அவன் கையையும் நீல இன்ஹேலரையும் காட்டிக்கொண்டிருந்தது.

இல்லை, முன்னால் எங்கேயாவது ஏறியிருக்கும். முதல் ஒரு நிமிடமாவது. அல்லது கடைசியில். டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றினான். விரலை எடுத்தால் திரை போய்விடும், கட்டளையை மறுபடி அடிக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும். காதால் கேட்டுக்கொண்டிருந்து, கீச்சொலி வந்ததும் ஒயரைச் சொருகிவிடலாம். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டித் தடவிப் பொத்தானை அமுக்கினான். கடக்கென்று விழுந்தது. சக்கரங்கள் சுழன்றன.

மழை.

வெகுநேரம் மழை மட்டும். பிறகு சுவர்ப் பக்கமிருந்து,

டொக். டொக். டொக்.

தெரிந்த தட்டல்தான். தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி அந்தப் பையன் பேசுவான். பேசி முடித்துவிட்டால் இது கடந்துவிடும்.

டொக். டொக். டொக்.

பையன் பேசவில்லை.

தட்டல் வேகமானது. மூன்று மூன்றாக இல்லை. எண்ணிக்கை இல்லாமல். உள்ளங்கையால் அறைவதுபோல. ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. முதலில் கேட்டபோது டம்ளர் இல்லையே என்று நினைத்தான். அதுவரை நான் கேட்கவில்லை, முன்னாலேயே நிறுத்திவிட்டேன் என்றும் நினைத்தான்.

சிப் சுட்டது.

ஏன் இன்னும் பேச மாட்டேன் என்கிறான்? அந்த ஒரு வரி. சொல்லித் தொலைய வேண்டியதுதானே.

சுவர் தட்டப்பட்டது. தட்டப்பட்டது. தட்டப்பட்டது.

"இருடா" என்றான் அவன், வாய்விட்டு, உரக்க. "இன்னும் கொஞ்சம்தான்."

தட்டல் நின்றது.

சொன்ன பேச்சைக் கேட்டதுபோல நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு முறை. மெதுவாக. பிறகு நகம் சுவரில் கீறிக்கொண்டே கீழே இறங்கும் ஓசை. தரை வரை.

மழை.

அவன் காத்திருந்தான். கீச்சொலி வரவில்லை. புழு வரவில்லை. எதற்காகவும் இல்லை அந்தப் பத்து நிமிடம். கன்னம் நனைந்திருந்தது. டேப் முடிந்தது. ரெக்கார்டர் தானாகக் கடக்கென்று நின்றது. அமுங்கியிருந்த பொத்தான்கள் துள்ளி மேலே வந்தன.

இரண்டு.

ஓடவிட ஒன்றுதான் அமுங்கும். பதிவதற்குத்தான் இரண்டு. பதியும்போது ஸ்பீக்கர் பேசாது.

கறுப்பு ஒன்று. பக்கத்தில் சிவப்பு ஒன்று.

அவன் சிவப்பைப் பார்த்தான். பிடுங்கிப் போட்ட ஒயர்களைப் பார்த்தான். ரெக்கார்டர் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தான்.

"எலிக்குட்டி?"

மழை.

"எலிக்குட்டி, அப்பாதான்டி."

எழுந்திருக்க வேண்டும். கால் வரவில்லை. அன்றும் வரவில்லை. சிப்பிலிருந்து விரலைப் பிய்த்து எடுத்தான். திரை போகவில்லை. விரல் இல்லாமலே வெள்ளையாக நின்றது, கட்டம் மின்னியது. காலால் உதைத்து ஒயரைப் பிடுங்கினான். அப்போதுதான் இருட்டியது.

இன்ஹேலர். ஈயச் சுருளுக்குப் பக்கத்தில். இருட்டில் கையை வீசித் தேடினான். ஈயச் சுருள் உருண்டது. இடுக்கி விழுந்தது. உள்ளங்கை போய்ப் பலகையின்மேல், அந்த எட்டு சிப்புகளின்மேல் பதிந்தது.

ஒன்று, குளிர். இரண்டு, குளிர்.

மூன்றாவது, அதே இளஞ்சூடு.

நான்காவதும் சூடாக இருந்தது. மூன்றாவதைவிடக் கொஞ்சம் அதிகமாக. காய்ச்சல் இன்னும் முழுசாக விடாத நெற்றிபோல.