அங்கப்பனுக்கு ஒரு கட்டுக் கூலி

அன்னூருக்குக் கிழக்கே, தெய்வாத்தாளின் சோளக்காட்டுக்கு அறுப்பாட்கள் ஒன்பது பேரும் பொழுது கிளம்பும்போதே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வரப்போடு நின்றார்கள். காட்டுக்குள் ஒருத்தரும் இறங்கவில்லை.

மூத்த அறுப்புக்காரி மாசாணியம்மாள் கிட்டே வந்து மெல்லச் சொன்னாள். "ஏனுங்க அம்மணி, உள்ளுக்குள்ள ஆரோ அறுக்கறாங்க. நாங்க ஒம்பது பேரும் இங்கதான் நிக்கறோமுங்க."

சரக். சரக்.

தெய்வாத்தாளுக்கும் கேட்டது. ஆளுயரச் சோளத்தில் ஒரு தோகைகூட அசையவில்லை. ஆனால் நடுக்காட்டில் தாள் அறுபட்டது. கூடவே காட்டமான சுருட்டு நாற்றம்.

அது கொழுந்தன் அங்கப்பனின் சுருட்டு. மாசி மாதம் கிணற்றில் விழுந்து செத்த மனுசன்.

இருந்தபோது அவன் கொடுத்த தொல்லை கொஞ்சமா நஞ்சமா? அண்ணன் செத்த மறுமாதமே, ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குக் காடு எதற்கு என்று வந்து நின்றான். இந்தச் சித்திரை அறுப்பு என்னுடையது என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் செத்தான். இன்று ஆட்கள் திரும்பிப் போனால், காடு அவனுடையதுதான் என்று பங்காளிகள் அவன் பிள்ளைகளுக்கே முடித்துக் கொடுப்பார்கள். அப்புறம் இவளும் மகளும் எங்கே போவது?

பயம் இல்லையென்றால் பொய். ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தெய்வாத்தாள் தனியாக உள்ளே இறங்கினாள்.

சத்தம் நின்றது.

பாய் விரிக்கிற அகலத்துக்குச் சோளம் அறுபட்டுக் கிடந்தது. ஆள் இல்லை.

பிடரியில் சூடாகப் புகை பட்டது.

"என் காடு..."

அவள் திரும்பவில்லை. குனிந்து, கிடந்த தாள்களில் கதிர் பெருத்தவையாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கட்டினாள். கண்ணில் பட்ட எதையும் விட்டுவைக்காதவன் அங்கப்பன், செத்தால் குணம் மாறிவிடுமா? கட்டைத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. நல்ல கட்டு."

வெடுக்கென்று பிடுங்கியது.

"மாசாணி, கேட்டுக்க!" காடு அதிரக் கத்தினாள். "கொழுந்தனாரு கூலிக் கட்டு வாங்கிட்டாரு!"

அறுத்ததற்குக் கூலியாகக் கதிர்க்கட்டை வாங்கியவன் கூலியாள். அந்தக் காட்டில் அவனுக்கு அப்புறம் பேச்சில்லை. எந்தப் பஞ்சாயத்திலும் அதுதான் வழக்கம்.

உறுமலா அழுகையா என்று தெரியாத ஒன்று சோளத்தைச் சாய்த்துக்கொண்டு வெளியே ஓடியது. நாற்றம் போய்விட்டது. ஒன்பது பேரும் இறங்கினார்கள். பொழுது சாயுமுன் காடு மொட்டையானது.

மறுநாள் காலையில் பக்கத்துக் காட்டுச் செங்கோட்டையன் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஆளு ஒருத்தரு எங்க காட்டுல அறுத்துட்டு இருக்காருங்க. நான் கூப்புடவே இல்ல. மூஞ்சியைத் திருப்பவே மாட்டேங்கறாரு. கூலி என்ன குடுக்கறதுங்க?"

அந்த ஆள் யாரென்று தெய்வாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிமிர்ந்தே சொன்னாள்.

"ஒரு கட்டுத்தானுங்க. மேல கேட்டாக் குடுக்காதீங்க. வரப்புல வெச்சுபோட்டு, திரும்பிப் பாக்காம வந்துருங்க."