பல்லில் கடித்த வெளிச்சம்

டமார்!

லிஃப்ட் குழிக்குள் கிளம்பிய சத்தம் எட்டு மாடிக்கும் ஏறி இறங்கியது.

வாட்ச்மேன் ஓடிவந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் கூண்டின் தலையில் வெள்ளைப் புகை. தொண்டையைப் பிடுங்கும் நெடி. புகைக்கு நடுவே ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மடியில் கிடந்தவனுக்கு வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை...

உயிரும் இல்லை.

நெட்டை, குட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட ஜோடி அது. வருஷக்கணக்கில் ஒரே வேன், ஒரே டிபன் பாக்ஸ். போனவன் குட்டை. மிஞ்சியவன் நெட்டை.

மிஞ்சினான் என்றுதான் பேர்!

அன்றிலிருந்து இருட்டு எங்கே இருந்தாலும் அங்கே குட்டை நின்றான். பீரோவுக்குப் பின்னால்... மாடிப்படி வளைவில்... கட்டிலுக்கு அடியில்கூட. பல்லில் டார்ச்சைக் கடித்தபடி, கன்னம் இரண்டும் உள்ளிருந்து சிவப்பாக எரிய, நெட்டையையே பார்த்தபடி!

குழிக்குள் இரண்டு கையும் வேலையாக இருக்கும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வதுதான் இருவருக்கும் பழக்கம். தலையில் மாட்டிக்கொள்ள கம்பெனி கொடுத்த விளக்குகள் வேன் சீட்டுக்கு அடியில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பியபோது நெட்டைக்குப் பாதி நிம்மதியாகவே இருந்தது. யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சியபடியே மேஜைமேல் ஒரு பொருளைத் தள்ளினார் அந்த அம்மாள். வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்து கிடந்த அலுமினியக் குழாய்.

"நம்பர் பார்த்தோம். இது உங்க டார்ச். அவர் வாய்க்கு எப்படிப் போச்சு?"

நெட்டை சொன்னான். அன்று காலை குட்டையின் டார்ச் மங்கி எரிந்தது. இரவல் கொடுத்தால் வாங்க மாட்டான், ரோஷக்காரன். கம்பெனி டார்ச் எல்லாம் ஒரே அச்சு. அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தன்னுடையதை அவன் பையில் வைத்துவிட்டு, அவனுடையதைத் தான் எடுத்துக்கொண்டான்.

"நல்லது செய்யறோம்னு நினைச்சேன் மேடம்..."

இன்ஸ்பெக்டர் தடயவியல் ஆள் சொன்னதைச் சொன்னார். உள்ளே இரண்டு லித்தியம் செல். ஒன்று புதுசு, இன்னொன்று தீர்ந்துபோனது. புதுசின் வேகத்தைத் தீர்ந்தது தாங்காது. சூடேறும், விஷவாயு கக்கும். தண்ணீர்கூடப் புகாமல் இறுக மூடிய குழாயில் வாயு எங்கே போகும்?

"அப்புறம் அது டார்ச் இல்ல. குண்டு."

"தெரியும் மேடம். பழசையும் புதுசையும் சேர்த்துப் போடாதேன்னு ட்ரெயினிங்லயே தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. நான் ரெண்டும் புதுசாத்தான் போட்டேன்."

"பார்க்க ரெண்டும் புதுசுதான். தீர்ந்த செல் மேல புது செல்லோட உறையை உரிச்சு ஒட்டியிருக்காங்க. இது விபத்து இல்ல. கொலை."

அறை மூலையில், அலமாரியின் நிழலில், சிவப்பாக இரண்டு கன்னம் எரிந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு வாட்ச்மேன் சொல்றார். என்ன சண்டை?"

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் பராமரித்துவந்த ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றாமலே, மாற்றிவிட்டதாகக் குட்டை கையெழுத்துப் போட்டிருந்தான். சூப்பர்வைசரிடம் சொல்லப் போகிறேன் என்று நெட்டை கத்த, சொன்னால் எனக்கு ஜெயில்தான் என்று குட்டை காலில் விழாத குறை.

செத்துப்போனவன் பேரை எப்படிக் கெடுப்பது? சத்தமில்லாமல் தானே போய் பிரேக்கை மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தான். குழிக்குள் இறங்கக் கால் வந்தால்தானே...

"சும்மா... வேலை விஷயம் மேடம்."

"கொலைக் கேஸ்ல சும்மான்னு ஒண்ணும் கிடையாது. வெடிக்கறதுக்கு முன்னாடி அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

நெட்டைக்குக் கண் கலங்கியது.

"டார்ச்சை மாத்தி வெச்ச பிறகும் அவன் வெளிச்சம் மங்கலாவே இருந்துச்சு. ஏன்னு கேக்கறதுக்குள்ள... அந்தக் கோடி மூலைக்கு ஒதுங்கிப் போய் என்னையே பாத்துக்கிட்டிருந்தான் மேடம். கண்ணை எடுக்கவேயில்ல. சாகறப்பவும் என் மேல அவ்ளோ பாசம்."

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

டிராயரைத் திறந்தார். ஒரு பாலிதீன் கவர். உள்ளே ஒரு செல். மேலுறை இல்லாமல் வெறும் உலோகமாகப் பளபளத்தது.

"இது புத்தம் புதுசு. உறை மட்டும்தான் இல்ல. அவர் பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. எதுக்குன்னு இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். டார்ச்சை மாத்தினேன்னு நீங்க சொன்னதும் பாதி புரிஞ்சது. மீதி இப்பத்தான்."

"என்ன மேடம் புரிஞ்சது?"

"அவர் பாசத்துல பார்க்கல. உங்க வாய் எப்ப வெடிக்கும்னு பார்த்துக்கிட்டிருந்தார்."

நெட்டை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். தன் டார்ச்சில் செல்லை மாற்றியவன் குட்டை... அந்த டார்ச் அவன் பைக்கே திரும்பி வந்தது தெரியாமல் பல்லில் கடித்தவனும் குட்டை! அழுகை வந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

அழுதபடியே பிரேக் விஷயத்தைக் கொட்டிவிட்டான்.

"அந்த லிஃப்ட் இப்ப?" இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு மேடம்."

ஆஸ்பத்திரியில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. ஜீப் பறந்தது. இவர்கள் உள்ளே நுழைந்தபோது, வயசான அம்மா ஒருத்தியை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நெட்டை ஓடிப்போய்க் குறுக்கே விழாத குறையாகத் தடுத்தான். வார்டு பாய் வைதான். போலீஸைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சர் தானாகப் பின்வாங்கியது.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஆனால் நெட்டை மட்டும் உள்ளே வலது மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அங்கயே பார்க்கறீங்க? மெஷின் ரூம் மேலதானே, போகலாம் வாங்க."

"அவன் நிக்கிறான் மேடம். உள்ள வாடான்னு கூப்பிடறான்."

இன்ஸ்பெக்டரும் ஒரு தரம் அந்த மூலையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

நெட்டை கதவோரம் இருந்த சுவிட்சில் சாவியைப் போட்டுத் திருப்பி லிஃப்டை நிறுத்தினான்.

"நீ கையெழுத்துப் போட்ட லிஃப்டாச்சே... நீயே போ, நான் படியில வர்றேன்னுட்டேன்."